இரட்டைக் கூலி

பேங்க் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவனிடம் ஜனங்கள் எல்லாவற்றையும் கேட்பார்கள். நகைக்கடனுக்கு வட்டி எவ்வளவு, பென்ஷன் ஏறிடுச்சா, பாஸ்புக்கில் இது என்ன எழுத்து. நான் எலக்ட்ரிக் கார் வாங்கின பிறகு ஒரு கேள்வி கூடிவிட்டது. "சார், வூட்ல சார்ஜ் போட்டா எவ்ளோ ஆவுது?"

கூட வேலை பார்க்கிறவர்கள் எனக்கு முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார்கள். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபா. அவ்ளோதான்." பொய்யில்லை. ஆனால் அந்தப் பதிலில் 'வீடு' என்கிற சொல்லைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. யாருடைய வீடு, யார் பேரில் மீட்டர் என்று கேட்க ஆரம்பித்தால் அந்த ஒரு ரூபாய் ஓர் இடத்தில் நிற்பதில்லை.

இதைக் கவிதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு வரி வந்தது. அப்புறம் எண்களாக வந்துகொண்டிருந்தன. சரி, கணக்காகவே எழுதிவிடுவோம். படிக்கிற தோழர்கள் ஒரு பென்சில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தப்பிருந்தால் திருத்துங்கள்.

முதலில் காரின் கணக்கு. சின்னக் கார். பேட்டரி 24 கிலோவாட் அவர். கிலோவாட் அவர் என்பது நம் ஈ.பி. கார்டில் எழுதுகிற அதே யூனிட்தான். சுவரிலிருந்து இழுக்கிறதெல்லாம் பேட்டரிக்குள் போய்ச் சேராது. கொஞ்சம் சூடாகி வீணாகும். அதனால் காலிப் பேட்டரியை நிரப்ப ஏறக்குறைய 27 யூனிட் பிடிக்கிறது. 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் ஒன்பது மணி நேரம். விளம்பரத்தில் சொல்லும் தூரம் வேறு, நம் ரோட்டில் ஓடுகிற தூரம் வேறு. எனக்கு ஒரு முழு சார்ஜில் 190 கிலோமீட்டர் ஓடுகிறது. யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் குடியிருப்பது விழுப்புரத்தில். வேலை பார்க்கும் கிளை 22 கிலோமீட்டர் தள்ளி. போக வர 44, மாதம் 24 நாள். இரண்டு மாதத்துக்கு 2,100 கிலோமீட்டர், அதாவது 300 யூனிட். இதே தூரத்தைப் பெட்ரோல் காரில் போனால், லிட்டர் நூறு ரூபாய், லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் என்று போட்டாலும், பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஆகும். மின்சாரம் மலிவுதான். எனக்கும் லாபந்தான். அதை மறைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை.

அடுத்து ஈ.பி. கணக்கு. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். 2016 மே மாதத்திலிருந்து முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம் ஆனது. 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு, மானியம் போக நாம் கட்டியது இப்படி: 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 400 வரை 4.70. 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும், 101லிருந்தே 4.70. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50. ஏணி மாதிரி. கொஞ்சமாக எரிக்கிறவன் கீழ்ப்படியில், நிறைய எரிக்கிறவன் மேல்படியில். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. நானும் அந்த நியாயத்தை நம்பினேன், மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கிற வரைக்கும்.

விழுப்புரத்தில் வீடு தேடின கதையைச் சொல்லாமல் மீட்டர் பெட்டிக்குப் போக முடியாது. ஏழு வீடு பார்த்தோம். "என்ன ஆளுங்க?" என்று இப்போது யாரும் கேட்பதில்லை. நாகரிகம் வளர்ந்திருக்கிறது. "சொந்த ஊரா? ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்கிறார்கள். நான் "காலனி" என்று சொல்லுவேன். "தம்பி பையன் குடி வரதாச் சொல்லியிருக்கான், போன் பண்றேன்" என்பார்கள். என் நம்பரைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போன் பண்ணுகிறேன் என்பார்கள். எட்டாவது வீட்டுக்காரர் கொடுத்தார். பக்கத்து போர்ஷனை விட ஆயிரத்து ஐந்நூறு கூடுதல் வாடகை. பேங்க் உத்தியோகம், மாசாமாசம் ஒழுங்காக வாடகை வரும் என்பதும் காரணம். கெட்டவர் இல்லை. தீபாவளிக்குப் பலகாரம் மேலிருந்து கீழே வரும். நாங்கள் கொடுத்தால் "சுகர்" என்று சொல்லி வாங்க மாட்டார். அவ்வளவுதான்.

மாடியில் அவர் குடும்பம். கீழே மூன்று போர்ஷன். மாடிக்கு ஒரு மீட்டர். கீழே மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே மீட்டர், அதற்குள் மூன்று சப்-மீட்டர். வாடகையோடு கரண்டுக்கு யூனிட் பத்து ரூபாய். எல்லா வாடகை வீட்டிலும் இப்படித்தானே என்று நானும் கேள்வி கேட்காமல் கட்டிக்கொண்டிருந்தேன்.

கார் வந்தது. "காருக்குப் பதினஞ்சு ரூபா போட்டுக்கறேன் சார், லோடு சாஸ்தி" என்றார். சரி என்றேன். இரண்டு மாதம், 300 யூனிட், 4,500 ரூபாய். கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் பதினான்கு காசு. அப்புறம் ஒருநாள், "வயர் சூடாவுது சார், வேற ஏற்பாடு பாத்துக்கங்க" என்றார். வேற ஏற்பாடு என்றால் பைபாஸில் இருக்கும் சார்ஜிங் இடம். அங்கே யூனிட் இருபது ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வீட்டு மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, வெளியே போய்ப் போட்டால் உண்டு. கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்க்கு மேல் போய்விட்டது. காத்திருக்கிற ஒரு மணி நேரத்துக்கு யார் கணக்கு வைப்பது?

2025 ஏப்ரலில் வீட்டுக்காரர் மகன் கார் வாங்கினான். அதே மாதிரி எலக்ட்ரிக் கார். போர்ட்டிகோவில் 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் வைத்து, மாடி மீட்டரிலிருந்து வயர் இழுத்தார்கள். வயர் சூடாகவில்லை.

மே–ஜூன் ரீடிங் எடுக்க வந்தவர் எண்களைச் சத்தமாகச் சொல்லித்தான் குறித்தார். மீட்டர் பெட்டி மாடிப்படிக்கு அடியில், எங்கள் வாசல் ஓரம் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாக 250 யூனிட் ஓடுகிற மாடி மீட்டரில் 550. காருக்கு 300. கீழே மூன்று போர்ஷனுக்கும் சேர்த்து 750. எங்கள் வீடு 350, முதல் போர்ஷன் 300, மூன்றாவது போர்ஷன் 100.

இப்போது பென்சிலை எடுங்கள்.

மாடிக்கு 250 யூனிட் என்றால் பில் 470 ரூபாய். 550 ஆனதும் 2,460. ஆக, காருக்காகக் கூடினது 1,990 ரூபாய். யூனிட்டுக்கு 6 ரூபாய் 63 காசு. கிலோமீட்டருக்கு 95 காசு. என் கூட வேலை பார்ப்பவர்கள் சொன்ன அந்த ஒரு ரூபாய் இதுதான்.

கீழே 750 யூனிட்டுக்கு பில் 4,297 ரூபாய் 50 காசு. எங்களிடம் வசூல் பண்ணியது யூனிட் பத்து வீதம் 7,500. மிச்சம் 3,202 ரூபாய் 50 காசு. மாடி பில், கார் உட்பட, 2,460. அதைக் கழித்தாலும் 742 ரூபாய் 50 காசு கையில் நிற்கும்.

அதாவது வீட்டுக்காரர் குடும்பம் இரண்டு மாதம் எரித்த விளக்கு, ஓட்டிய ஃபிரிட்ஜ், மகன் ஓட்டிய கார், எல்லாவற்றுக்கும் அவர்கள் ஒரு பைசா கொடுக்கவில்லை. கீழே இருக்கிற மூன்று குடும்பமும் கொடுத்திருக்கிறோம். ராத்திரியெல்லாம் போர்ட்டிகோவில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு நின்ற அந்தக் காருக்குச் சார்ஜ் ஏற்றினது நாங்கள்தான்.

மூன்றாவது போர்ஷனில் ஓர் அக்கா இருக்கிறார். வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். ஒரு ஃபேன், இரண்டு லைட், ஒரு டி.வி. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். தனி மீட்டர் இருந்திருந்தால் அவர் பில் பூஜ்யம். அரசாங்கம் கொடுத்த 100 யூனிட் இலவசம் அவருக்கென்றே கொடுத்த மாதிரி இருக்கிறது. அவர் கட்டியது ஆயிரம் ரூபாய். காருக்கு யூனிட் 6.63, அக்காவின் ஃபேனுக்கு யூனிட் பத்து.

வீட்டுக்காரர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மூன்று குடும்பமும் தனித்தனி மீட்டரில் இருந்தால் எங்கள் மூன்று பில்லும் சேர்ந்து 1,645 ரூபாய்தான். ஒரே மீட்டருக்குப் பின்னால் நெருக்கி வைத்ததால் 4,297 ஆகிறது. "எனக்கே ஈ.பி.காரன் சாஸ்தி போடறான்" என்று அவர் சொன்னால் அது உண்மை. அந்த ஏணி மீட்டரைத்தான் பார்க்கிறது, மனிதரைப் பார்ப்பதில்லை. மூன்று ஏழைக் குடும்பம் ஒரு மீட்டருக்குப் பின்னால் நின்றால் அதன் கண்ணுக்கு ஒரு பணக்காரன். நிறைய எரிக்கிறவனைத் தண்டிக்க வைத்த மேல்படியில், இருக்க இடமில்லாமல் ஒண்டிக் கிடக்கிறவர்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. அதற்கும் மேலே அவர் தன் பங்குக்கு மூவாயிரம் வைத்துக்கொண்டார்.

"கூலிப் பிரச்சினை, பஞ்சமி நிலம், சுடுகாட்டுப் பாதை எல்லாம் அப்படியே கிடக்கு. நீ கார் சார்ஜ் பத்தி எழுதறியா?" என்று தோழர் ஒருத்தர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். காருக்கு நான் கணக்குப் போடாமல் இருந்திருந்தால் அக்காவின் ஆயிரம் ரூபாய் என் கண்ணிலேயே பட்டிருக்காது என்பதுதான் என் பதில். நாலு வருஷம் பக்கத்துச் சுவர். பட்டதாரி, கிளார்க், கவிஞன். என் காருக்கு வலித்த பிறகுதான் அவர் ஃபேன் என் காதில் விழுந்தது. இதை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

1901ஆம் வருஷம் மசூர் ரயில் நிலையத்தில் சில பிள்ளைகள் இறங்கினார்கள். கோரேகாவில் கேஷியராக வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்கப் போகிற பிள்ளைகள். நல்ல சட்டை, கையில் காசு. மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. கடைசியில் ஒருவர் சம்மதித்தார். இரட்டைக் கூலி. வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் அம்பேத்கர். தானே எழுதி வைத்திருக்கிறார். பின்னால் வெளிநாட்டில் படித்து முடித்து பரோடா சமஸ்தானத்துக்கு உத்தியோகம் பார்க்க வந்தபோது தங்க வீடு கிடைக்கவில்லை, ஒளிந்து தங்கின விடுதியிலிருந்தும் தடியோடு வந்து விரட்டினார்கள் என்பதையும் எழுதியிருக்கிறார்.

வண்டி இருக்கிறது, காசு இருக்கிறது, ஆனாலும் மற்றவர்களுக்கு ஆகிற விலை நமக்கு ஆகாது. நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாட்டு வண்டி போய் எலக்ட்ரிக் கார் வந்துவிட்டது. ஒரே மாதிரிக் கார், ஒரே தூரம்: அவன் மகனுக்கு 95 காசு, எனக்கு இரண்டு ரூபாய் பதினான்கு காசு. இரட்டைக் கூலிக்கும் கொஞ்சம் அதிகம்.

சொந்த ஊருக்கே போய்ச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். போனேன். திண்டிவனத்துக்குக் கிழக்கே இருக்கிறது எங்கள் ஊர். ஊர்த் தெருவைத் தாண்டித்தான் காலனிக்குப் போக வேண்டும். இந்தக் கார் சத்தமே போடாது. அதனால் ஊர்த் தெருவில் நுழைகிறபோது ஒரு முறை ஹாரன் அடித்தேன். தேவையில்லாத ஹாரன்தான். அடித்தேன்.

அப்பாவுக்குத் தொகுப்பு வீடு. அதற்கு முன்னால் குடிசை. அந்தக் குடிசைக்கு வந்த முதல் மின்சாரம் ஒரே ஒரு குண்டு பல்பு, 40 வாட். அந்த வெளிச்சத்தில்தான் நான் பத்தாவது வரைக்கும் படித்தேன். இந்தக் காரின் சார்ஜர் இழுக்கிறது ஏறக்குறைய 3,000 வாட். அந்த மாதிரிப் பல்பு எழுபத்தைந்து. எங்கள் தெருவில் மொத்தமே அத்தனை வீடு கிடையாது.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஜன்னல் வழியாக வயரை விட்டுப் பிளக்கைச் சொருகினேன். டிரான்ஸ்ஃபார்மர் ஊர்த் தெருவில் இருக்கிறது. அங்கிருந்து கம்பி வளைந்து வளைந்து கடைசியாகக் காலனிக்கு வரும். தூரம் கூடக்கூட வோல்டேஜ் கம்பியிலேயே செத்துவிடும். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுப் பெரியம்மா வெளியே வந்தது. "இன்னாடா கரண்டு இன்னிக்கி இப்டி வருது? ஃபேனு சுத்தவே மாட்டேங்குது. கொயந்த அயுவுது." பெரியம்மாவுக்குக் காரணம் தெரியாது. எனக்குத் தெரிந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். ஐந்து நிமிஷத்தில் ஃபேன் சுத்தின சத்தம் கேட்டது.

அன்றைக்கு ராத்திரி அந்தத் தெருவில் வீட்டுக்காரர் மகன் நான்தான். பிளக் யார் கையில் இருக்கிறதோ அவன் யாராக இருந்தாலும், பக்கத்து ஃபேன் நிற்பது அவனுக்குத் தெரிவதில்லை. ஊருக்குள் நிற்கிற டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றிக் கேட்கிறபோது என் பிளக்கைப் பற்றியும் நான் பேசியாக வேண்டும்.

அரசாங்கம் காருக்கு என்னவெல்லாம் செய்தது என்று பாருங்கள். 2019 ஆகஸ்டில் எலக்ட்ரிக் வண்டிக்கு ஜி.எஸ்.டி.யை 12லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். 2019 ஏப்ரலிலிருந்து 2023 மார்ச் வரை கடன் வாங்கினவர்களுக்கு, கட்டுகிற வட்டியில் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரைக்கும் வருமான வரிக் கழிவு. இந்தக் கடன் பேப்பர்கள் என் மேஜை வழியாகப் போயிருக்கின்றன. தமிழ்நாட்டு அரசு 2023 மின்வாகனக் கொள்கையில் சாலை வரியைத் தள்ளுபடி செய்தது. 2022 ஜனவரியில் ஒன்றிய மின் அமைச்சகம், வண்டிக்காரர்கள் தங்கள் வீட்டில் 'இருக்கிற இணைப்பிலிருந்தே' சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று வழிகாட்டியது. புகை வராத வண்டி வரட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் 'இருக்கிற இணைப்பு' யாருக்கு இருக்கிறது?

வாடகைக்கு இருப்பவர் தன் பேரில் தனி இணைப்புக் கேட்டால் வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் வேண்டும். அவர் கொடுக்க மறுத்தால்? 2004ஆம் வருஷத்துத் தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பில் அதற்கும் வழி எழுதினார்கள்: குடியிருப்பதற்கு ஆதாரம் கொடு, உறுதிப் பத்திரம் எழுதிக் கொடு, காப்புத்தொகையை வழக்கத்தை விட இரண்டு மடங்கு கட்டு. இரண்டு மடங்கு! படித்தபோது மசூர் ரயில் நிலையம் ஞாபகத்துக்கு வந்தது. விதி எழுதின அதிகாரிக்குச் சாதி ஞாபகம் இருந்திருக்காது. சாதிக்கு அவர் ஞாபகம் தேவையில்லை. சொந்த வீடு யாரிடம் இருக்கிறது, எட்டு வீடு ஏறி இறங்குகிறவர் யார் என்பது விதி எழுதுவதற்கு முன்னாலேயே முடிவாகிவிட்டது.

அந்தக் கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு மூன்று போர்ஷன்காரர்களும் மாடிக்குப் போனோம். வீட்டுக்காரர் முழுசாகப் படித்தார். எண் எதிலும் தப்புச் சொல்லவில்லை. "இஷ்டமிருந்தா இருங்க. இல்லன்னா ஆவணிக்குள்ள காலி பண்ணிடுங்க சார்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மற்ற இரண்டு பேரிடம் சொல்லவில்லை. நான் காலி செய்தேன். இப்போது வேறு தெரு. இங்கேயும் சப்-மீட்டர்தான், யூனிட் பதினொரு ரூபாய். அக்கா அங்கேயே இருக்கிறார். அவருக்கு இன்னொரு வீடு தேட நேரமும் இல்லை, அட்வான்ஸும் இல்லை.

இதில் கேட்க வேண்டியது என்ன? ஒரு கதவு, ஒரு அடுப்பு, ஒரு குடும்பம் என்றால் ஒரு மீட்டர். அதற்கு வீட்டுக்காரர் சம்மதம் வேண்டியதில்லை, வாடகை ரசீதோ ரேஷன் கார்டோ போதும். இரண்டு மடங்குக் காப்புத்தொகை என்கிற வரியை அடிக்க வேண்டும். தனி மீட்டர் வைக்கிற வரைக்கும், மீட்டருக்குப் பின்னால் எத்தனை குடும்பமோ அத்தனை நூறு யூனிட் இலவசம் என்று எழுத வேண்டும். காலனிக்கு ஊர்த் தெருவிலிருந்து கம்பி வர வேண்டாம், காலனிக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். காருக்கு வரியை விட்டுக்கொடுத்த கை இதற்கு நடுங்க வேண்டியதில்லை.

இதைக் கேட்டு மனுப் போடுவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வாடகை வீட்டிலிருக்கும் தோழர்கள் அடுத்த ரீடிங் எடுக்கிற அன்றைக்கு வாசலில் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து போர்ஷன் எண்ணையும் சேர்த்து. கணக்குப் போடத் தெரியாதவர்களுக்குப் போட்டுக் கொடுங்கள். நமக்குப் படிப்பு கிடைத்ததே அதற்குத்தான்.

கவுண்டரில் இப்போதும் கேட்கிறார்கள், வீட்டில் சார்ஜ் போட்டால் எவ்வளவு ஆகுமென்று. நான் உடனே பதில் சொல்வதில்லை. "மீட்டர் யார் பேர்ல இருக்கு?" என்று திருப்பிக் கேட்கிறேன். சிலர் சட்டென்று சொந்தப் பேரைச் சொல்கிறார்கள். சிலர் ஒரு நிமிஷம் பேசாமல் நிற்கிறார்கள். அவர்களை "சாயந்திரம் வாங்க, உக்காந்து கணக்குப் போடலாம்" என்று சொல்லி அனுப்புகிறேன்.